முகப்பரு: முதல் 12 கிழமைக்கு ஒரு வழிகாட்டி

இன்று காலை கண்ணாடியில் கண்ட பரு நேற்று இரவு வந்ததல்ல. தோலுக்குள் அது தொடங்கி ஆறு, எட்டுக் கிழமை ஆகியிருக்கும். இதை மனதில் பிடித்துக்கொண்டால் பருவைப் பற்றிய பாதிக் குழப்பம் தீரும். பருவின் மேல் மட்டும் பொட்டு வைத்தாற்போல் மருந்து பூசினால் ஏன் போதாது, இரண்டு கிழமையில் ஏன் மருந்தை மாற்றக் கூடாது, முந்தநாள் தின்ற பொரியலில் ஏன் பழி போட முடியாது என்பதெல்லாம் இதிலிருந்தே விளங்கும். "பருவுக்கு ஒரு கிறீம் தாங்கோ" என்று கடையில் கேட்டு வாங்கி, பத்து நாள் பூசி, சரிவரவில்லை என்று அடுத்த கிறீமுக்குப் போகிறவர்கள்தான் கடைசியில் தழும்போடு வைத்தியரிடம் வருகிறார்கள். அந்த நிலைக்குப் போகாமல் இருக்க வழி இருக்கிறது.

தோலுக்குள் நடப்பது

ஒவ்வொரு மயிர்க்காலோடும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி ஒட்டியிருக்கிறது. நெற்றி, மூக்கு, கன்னம், நாடி, நெஞ்சு, மேல்முதுகு ஆகிய இடங்களில் இந்தச் சுரப்பிகள் பெரியவை. பருவ வயதில் ஆண், பெண் இரு பாலாருக்கும் ஆண்ட்ரஜன் ஹோர்மோன் கூடும்போது சுரப்பி பருத்து அதிக எண்ணெய் விடும். அதே நேரத்தில் மயிர்க்காலின் உட்சுவரில் உதிர வேண்டிய செத்த கலங்கள் உதிராமல் ஒன்றோடொன்று ஒட்டி, துளையின் வாயில் தக்கைபோல் அடைக்கும். அடைப்பு மூடியே இருந்தால் வெண்முள். வாய் திறந்திருந்தால் கருமுள். அந்தக் கறுப்பு அழுக்கல்ல, தோலின் நிறமியும் காற்றுப்பட்டு மாறிய எண்ணெயும் சேர்ந்த நிறம். எவ்வளவு தேய்த்தாலும் அது போகாது.

அடைபட்ட துளைக்குள் காற்றில்லை, எண்ணெய் நிறைய உண்டு. எல்லோருடைய தோலிலும் சாதுவாக இருக்கிற கியூட்டிபக்டீரியம் ஆக்னிஸ் என்ற பக்டீரியாவுக்கு அது நல்ல இடம். அது பெருக, உடலின் எதிர்ப்பு வேலை தொடங்க, சிவந்த பரு, சீழ்ப்பரு, ஆழத்தில் நோகும் கட்டி என்று வளரும். துளையின் சுவர் உள்ளுக்குள் வெடித்தால் அழற்சி பக்கத்துத் தோலுக்கும் பரவும். பள்ளத் தழும்பு உண்டாவது இங்கேதான்.

ஆக, காரணம் நான்கு: எண்ணெய், அடைப்பு, பக்டீரியா, அழற்சி. மருந்துகள் எல்லாம் இவற்றில் ஒன்றையோ இரண்டையோ பிடிக்கின்றன. எந்த மருந்து எதைப் பிடிக்கிறது என்று தெரிந்தால் ஏன் இரண்டைச் சேர்த்துத் தருகிறார்கள் என்பதும் விளங்கும்.

தாய் தகப்பனுக்குக் கடும் பரு இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்புக் கூட. மாதவிடாய்க்கு முந்திய கிழமையில் பெண்களுக்குக் கூடுவது வழக்கம். "இரத்தம் கெட்டுப்போச்சு", "முகம் கழுவுறேல்லை" என்று பிள்ளைகளைப் பேசுவதை வீட்டில் நிறுத்த வேண்டும். அது உண்மையுமில்லை, அந்த வயதில் அது நன்றாகச் சுடும்.

சாப்பாடு விஷயத்தில் ஓரளவு ஆதாரம் இருப்பது இரண்டுக்கு. ஒன்று, இரத்தத்தில் சீனியைச் சட்டென்று ஏற்றும் உணவு: வெள்ளைப் பாண், பணிஸ், சோடா, மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி. மற்றது பால், அதிலும் கொழுப்பு நீக்கிய பால். ஜிம்முக்குப் போகிற பெடியங்கள் குடிக்கும் வே புரதமாவும் பாலிலிருந்து வருவதுதான். சிலருக்கு அதைத் தொடங்கிய பின் நெஞ்சிலும் முதுகிலும் பரு கிளம்புகிறது. மாம்பழமும் மீனும் "சூடு" என்று ஒதுக்கத் தேவையில்லை.

திருகோணமலை வெயிலும் காற்றும் தண்ணீரும்

பரு எந்த ஊரிலும் ஒன்றுதான், ஆனால் இங்கே அதைக் கிளப்பிவிடும் சில விஷயங்கள் உண்டு. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை கச்சான் காற்று சூடாகவும் வறட்சியாகவும் வீசும். அந்தக் காலத்தில் பருமருந்து பூசிய தோல் சீக்கிரம் காய்ந்து தோலுரியும். மாரியில் புழுக்கம் கூடி வியர்வை நிற்காது. ஆண்டு முழுக்க மத்தியான வெயில் கடுமை, முகில் இல்லாத நாளில் வெயிலின் கடுமையைக் காட்டும் யூவி சுட்டெண் 10ஐத் தாண்டும். கறுத்த, மாநிறத் தோலில் பரு மாறிய பிறகு விழும் கரும்புள்ளியை இந்த வெயில் மாதக்கணக்கில் நீட்டிவிடும்.

தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய் வியர்வையோடு நெற்றிக்கு வழிந்தால் மயிர் தொடங்கும் ஓரத்தில் சின்னச் சின்ன முள்ளாகப் பரு வரிசை கட்டும். எண்ணெயை முழுகுவதற்கு ஒரு மணித்தியாலம் முன் வைத்துக் கழுவிவிடுங்கள், இரவு முழுக்க விட வேண்டாம். ஹெல்மெட்டின் நாடிப் பட்டி உரசும் இடத்திலும், ஹிஜாபின் உட்தொப்பி நாடியை இறுக்கும் இடத்திலும் தனியாகப் பரு வரும். பட்டியைத் துடைத்து வையுங்கள். உட்தொப்பி பருத்தியில் இரண்டு மூன்று இருந்தால் தினமும் மாற்றலாம்.

கடற்கரைப் பக்கக் கிணறு சவர்த்தண்ணியாக இருந்தால் சவர்க்காரம் நுரைக்காது, கழுவிய பிறகும் ஒரு படை தோலில் நிற்கும். முகத்துக்குச் சவர்க்காரக் கட்டிக்குப் பதில் மணமில்லாத திரவ முகக்கழுவி வாங்கினால் இந்தத் தொல்லை குறையும். கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பதை வழக்கம்போலச் செய்யலாம், அது பருவை மாற்றாது. அடபலீன் என்ற பருமருந்து பூசுகிறவர் அன்று முகத்துக்கு வெந்நீர் விடாமல் இருப்பது நல்லது, எரியும்.

முதலில் இது பருதானா?

முகப்பருவில் கருமுள், வெண்முள், சிவந்த பரு என்று பலவகை ஒரே நேரத்தில் கலந்து தெரியும். எல்லாம் ஒரே அளவு, ஒரே உரு, நல்ல சொறி, நெற்றி நெஞ்சு முதுகில் கூட்டமாக என்றால் அது பெரும்பாலும் மயிர்க்காலில் வளரும் மலசீசியா என்ற ஈஸ்ட் பூஞ்சை. புழுக்கமான எங்கள் ஊரில் அடிக்கடி காண்பது இது. அன்டிபயோடிக் குடித்தால் இது கூடும். இதற்கு வேண்டியது கீட்டோகொனசோல் போன்ற பூஞ்சை மருந்து.

இன்னொன்று இன்னும் முக்கியம். "வெள்ளையாக்கும்" கிறீம் ஏதாவது மாதக்கணக்கில் பூசினீர்களா? பெட்டியில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டெரொய்ட். முதல் கிழமையில் முகம் பளபளக்கும், பரு அமுங்கும். பிறகு தோல் மெலிந்து, சிவந்து, முன்பைவிட மோசமான பரு கிளம்பும். நிறுத்தினால் இன்னும் கூடுவதால் ஆட்கள் திரும்பத் திரும்ப அதையே பூசுகிறார்கள். இந்தப் பொறியில் இருந்தால் தனியாக மல்லுக்கட்டாமல் தோல் வைத்தியரிடம் போங்கள். விட்டுவிடும் வழியை அவர் படிப்படியாகச் சொல்வார். உள்ளடக்கமும் தயாரித்தவர் விபரமும் இல்லாத டப்பாக் கிறீம்களைத் தொடவே வேண்டாம். அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

காசநோய் மருந்தான ஐசோனியாசிட், வலிப்பு மருந்தான ஃபெனிட்டொயின், லித்தியம், உடல் பெருப்பிக்கும் ஊசிகள் ஆகியவையும் பருவைக் கிளப்பும். வைத்தியர் தந்த மருந்தைப் பருவுக்காக நீங்களாக நிறுத்த வேண்டாம், அவரிடம் சொல்லுங்கள்.

தொடக்கம்: மூன்று பொருள், இரண்டு கிழமை

முதல் இரண்டு கிழமைக்கு மருந்தே வேண்டாம். தோலை மருந்துக்கு ஆயத்தப்படுத்துங்கள். முகக்கழுவி, எண்ணெயில்லாத மொய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், இவ்வளவுதான். காலையும் இரவும், அதோடு நன்றாக வியர்த்த பின்னும் கழுவுங்கள். விரல் நுனியால் அரை நிமிடம் போதும். பீர்க்கம் நார், ஸ்கிரப், சொரசொரத்த துவாய் எதுவும் வேண்டாம். துவாயால் ஒற்றுங்கள், இழுக்காதீர்கள்.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல். சுட்டுவிரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியான அளவு. பெரும்பாலானவர்கள் இதைவிட மிகக் குறைவாகத்தான் பூசுகிறார்கள். ஜெல் வகை எண்ணெய்த் தோலுக்கு ஒத்துவரும். வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, கடலில் குளித்தால் குளித்தவுடன் நல்ல தண்ணீரில் கழுவி மறுபடியும்.

மூன்றாம் கிழமையிலிருந்து மருந்து

லேசான பருவுக்கு மருந்துக் கடையில் கேட்க வேண்டியவை இரண்டு: அடபலீன் 0.1 வீத ஜெல், பென்சொயில் பெரொக்சைட் 2.5 வீத ஜெல். அடபலீன் அடைப்பைப் பிடிக்கிறது. பென்சொயில் பெரொக்சைட் பக்டீரியாவைக் கொல்கிறது, அதற்குப் பக்டீரியா பழகிப்போவதுமில்லை. 10 வீதம் வாங்கினால் கூட வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். பலன் ஏறத்தாழ அதேதான், எரிச்சல்தான் கூட. 2.5 கிடைக்காவிட்டால் 5 எடுங்கள். கர்ப்பமாக இருக்கிறவர்களும் கர்ப்பத்துக்கு முயல்கிறவர்களும் அடபலீனை விட்டுவிட வேண்டும். அவர்களுக்கு அசெலயிக் அமிலமும் பென்சொயில் பெரொக்சைட்டும் உண்டு. 12 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு வைத்தியரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம்.

அடபலீன் பூசும் முறையில்தான் அதிகம் பேர் பிழை விடுகிறார்கள்.

1. இரவு முகம் கழுவி, 20 நிமிடம் நன்றாகக் காய விடுங்கள். ஈரத் தோலில் மருந்து ஆழமாக இறங்கி எரிக்கும்.

2. ஒரு பட்டாணிக் கடலை அளவு விரல் நுனியில் எடுங்கள். முழு முகத்துக்கும் அது ஒன்றுதான். நெற்றியில் ஒன்று, இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்று, மூக்கில் ஒன்று, நாடியில் ஒன்று என ஐந்து பொட்டு வைத்து, அங்கிருந்து பரப்புங்கள். பரப்பி முடிந்ததும் வெள்ளைப் படை தெரியக் கூடாது. தெரிந்தால் அளவு கூடிவிட்டது.

3. பருவில் மட்டும் தொடாமல், பரு வரும் பகுதி முழுக்கப் பூசுங்கள். கண்ணுக்குத் தெரியாத அடைப்புகளுக்குத்தான் இந்த மருந்து. கண் ஓரம், மூக்கு மடிப்பு, வாய் மூலை மூன்றையும் விடுங்கள், அவை முதலில் வெடிக்கும்.

4. ஐந்து நிமிடம் கழித்து மொய்ஸ்சரைசர். தோல் லேசாக எரிபவர் மருந்துக்கு முன்னும் ஒரு மெல்லிய பூச்சு மொய்ஸ்சரைசர் போட்டு, மருந்தை நடுவில் வைக்கலாம். கச்சான் காலத்தில் எல்லோருக்குமே இது நல்லது.

5. முதல் இரண்டு கிழமை கிழமைக்கு இரண்டு இரவு. அடுத்த இரண்டு கிழமை ஒருநாள் விட்டு ஒருநாள். தாங்கினால் பிறகு ஒவ்வொரு இரவும்.

பென்சொயில் பெரொக்சைட்டைக் காலையில், அதுவும் அடபலீன் பழகிய பிறகு, நாலைந்து கிழமை கழித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எது எரிக்கிறது என்று தெரியாது. மெல்லிய பூச்சாகப் போட்டு, காய்ந்த பிறகு சன்ஸ்கிரீன். இந்த மருந்து துணியின் சாயத்தை வெளுக்கும். வெள்ளைப் பாடசாலைச் சீருடைக்கு ஒன்றும் ஆகாது, நிறச் சட்டைக் கழுத்தும் தலையணை உறையும் துவாயும் புள்ளி புள்ளியாக நிறம் போய்விடும். வெள்ளைத் துவாய் ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். நெஞ்சு, முதுகுப் பருவுக்கு 5 வீதத்தைக் குளிக்கும்போது பூசி, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் போதும்.

மருந்து தொடங்கிய இரண்டாம், மூன்றாம் கிழமையில் பரு கூடினதுபோல் தெரியலாம். உள்ளே இருந்த அடைப்புகள் மேலே வருவதுதான் அது. தோல் சற்றுக் காய்வதும் உரிவதும் வழமை, இரவுகளைக் குறைத்தால் அடங்கும். முகம் வீங்கினால், தண்ணீர்க் கொப்புளம் போட்டால் அது ஒவ்வாமை, உடனே நிறுத்துங்கள்.

முதல் நாளும் பிறகு நாலு கிழமைக்கு ஒருமுறையும் ஒரே யன்னலோரம், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் கண்ணாடி பார்க்கிறவருக்கு மாற்றம் தெரியாது, படத்தில் தெரியும். 12 கிழமை முடியுமுன் "இது எனக்குச் சரிவரேல்லை" என்று முடிவு கட்ட வேண்டாம். கலியாணத்துக்கு முகம் தெளிய வேண்டும் என்றால் ஆறு மாதத்துக்கு முதலே தொடங்குங்கள். கடைசிக் கிழமையில் பேசியலுக்குப் போய் எண்ணெய் தேய்த்துப் பருவைப் பிதுக்குவித்தால் தாலி கட்டும் நாளில் முகம் வீங்கி நிற்கும். அடபலீன் பூசும் தோலில் வேக்ஸிங் செய்தால் தோலே சேர்ந்து உரியும்.

சமையலறையில் இருந்து முகத்துக்கு

தேசிக்காய்ச் சாறு பூசி வெயிலில் போவதுதான் இவற்றில் ஆபத்தானது. அதிலுள்ள ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்து தோலைச் சுட்டு, மாதக்கணக்கில் நிற்கும் கரும்படையை விட்டுவிடும். உள்ளி வைத்தால் தோல் வெந்துபோகும். பற்பசை எரித்து உரிக்கும், பருவை மாற்றாது. மஞ்சளும் சந்தனமும் பலருக்குக் கெடுதல் செய்யாது, மருந்துக்கு ஈடுமில்லை. கற்றாழை எரிச்சலைத் தணிக்கும். மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க ஒழுகவிட்டு, கழுவி, உள்ளே இருக்கும் தெளிந்த சோற்றை மட்டும் எடுங்கள்.

பிதுக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், காரணத்தைச் சொல்வதில்லை. நகத்தால் இரு பக்கமும் அழுத்தும்போது சீழில் ஒரு பங்கு வெளியே வருகிறது, மீதி மெலிந்த சுவரை உடைத்துக்கொண்டு ஆழத்துக்குப் போகிறது. மறுநாள் பரு இரண்டு மடங்காவது அதனால்தான். நோகும் கட்டிக்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை 10 நிமிடம் வைத்து எடுங்கள், நாளுக்கு மூன்று முறை.

எப்போது வைத்தியர்?

ஆழத்தில் கட்டி கட்டியாக நோகிறது, தழும்பு விழத் தொடங்கிவிட்டது, 12 கிழமை ஒழுங்காகப் பூசியும் மாற்றமில்லை, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். மாதவிடாய் ஒழுங்கில்லாமல், நாடியிலும் மேலுதட்டிலும் மயிர் தடித்து வளர்ந்தால் சூலகத்தையும் ஹோர்மோனையும் சோதிக்க வேண்டியிருக்கும். ஒரு வயதுக்கு மேல் ஏழு வயதுக்குட்பட்ட சிறுபிள்ளைக்குப் பரு வந்தாலும் ஹோர்மோன் சோதனை தேவைப்படலாம். பருவோடு காய்ச்சலும் மூட்டு நோவும் வந்தால் அன்றே போங்கள். அரச வைத்தியசாலையில் முதலில் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள், தோல் கிளினிக் தேவையென்றால் அங்கிருந்து அனுப்புவார்கள். பூசிய கிறீம்களின் பெட்டிகளை எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். பெயர் மறந்துபோன கிறீமைப் பற்றி வைத்தியரால் ஒன்றும் சொல்ல முடியாது.

வைத்தியர் டொக்சிசைக்ளின் என்ற அன்டிபயோடிக் தந்தால் ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணித்தியாலமாவது படுக்காமல் இருங்கள். படுத்தால் குளிசை தொண்டைக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், இரும்புச்சத்துக் குளிசை, நெஞ்செரிவு மருந்து எதோடும் சேர்க்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் கூடாது. இந்த மருந்து குடிக்கும்போது வெயில் சட்டென்று தோலைச் சுடும். கடற்றொழிலுக்குப் போகிறவர், வயலில் நிற்கிறவர், நிலாவெளியில் படகு ஓட்டுகிறவர் தங்கள் தொழிலை வைத்தியரிடம் முதலிலேயே சொன்னால் அவர் வேறு வழி பார்ப்பார். வழக்கமாக மூன்று, நான்கு மாதத்துக்கு மேல் தருவதில்லை. கூடவே பென்சொயில் பெரொக்சைட் பூச வேண்டும், தனியே அன்டிபயோடிக் என்றால் பக்டீரியா பழகிவிடும். பூசும் அன்டிபயோடிக்கான கிளின்டமைசின் ஜெல்லுக்கும் இதே விதிதான்.

கடும் பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் என்ற குளிசை. நான்கு காரணத்தையும் ஒருங்கே பிடிக்கும் ஒரே மருந்து இது, பலருக்குப் பரு திரும்ப வராமலே போய்விடும். ஆனால் வயிற்றில் இருக்கும் குழந்தையை மோசமாக ஊனப்படுத்தும். பெண்கள் தொடங்க ஒரு மாதம் முன்பிருந்து, முடிந்து ஒரு மாதம் வரை கர்ப்பம் தரிக்கவே கூடாது. ஆணோ பெண்ணோ அந்தக் காலத்தில் இரத்ததானமும் செய்யக் கூடாது. ஈரலும் இரத்தக் கொழுப்பும் சோதிக்க வேண்டும். உதடு எல்லோருக்கும் வெடிக்கும், வசலினைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். மனம் சோர்ந்தால், தூக்கம் கெட்டால் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். சிநேகிதருக்கு எழுதிய துண்டில் இந்த மருந்தை வாங்கிக் குடிப்பது மிகவும் ஆபத்து.

பரு போன பிறகு

தட்டையான கபில நிறப் புள்ளி தழும்பல்ல, நிறமிதான். பெரும்பாலும் மூன்று மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மங்கும். சன்ஸ்கிரீன் ஒழுங்காக இருந்தால் விரைவில், இல்லையென்றால் பிந்தி. 15 அல்லது 20 வீத அசெலயிக் அமிலம் இதை வேகப்படுத்தும். விரலால் தடவும்போது பள்ளம் தெரிந்தால்தான் அது தழும்பு. எந்தக் கிறீமும் பள்ளத்தை நிரப்பாது. தோல் வைத்தியர் ஊசியாலும் லேசராலும் செய்யும் முறைகள் உண்டு, அவற்றையும் புதிய பரு நின்ற பிறகே தொடங்குவார்கள்.

முகம் தெளிந்ததும் அடபலீனைத் தூக்கி வைத்துவிடாதீர்கள். கிழமைக்கு இரண்டு மூன்று இரவு என்று குறைத்து, குறைந்தது ஆறு மாதமாவது தொடருங்கள். அதற்குள் நிறுத்துகிறவர்களுக்கு, நிறுத்தி ஆறு, எட்டுக் கிழமையில் நெற்றியில் பழையபடி முள் தட்டுப்படத் தொடங்கும்.